பெரிய நீர்ப்பூச்சியை அடையாளம் காண: பின்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்

தண்ணீரில் வாழும் பெரிய பூச்சிகளை நம்மில் பலர் தண்ணீரில் பார்ப்பதே இல்லை. விளக்குக் கம்பத்தின் அடியிலோ, வாசற்படியிலோ, காரின் மேற்கூரையிலோ, நீச்சல் குளத்தின் ஓரத்திலோதான் பார்க்கிறோம். இவற்றில் பல நன்றாகப் பறக்கும். குளம் வற்றினாலும் துணை தேட வேண்டியிருந்தாலும் இரவில் கிளம்பிவிடும், வழியில் விளக்கு இழுத்துக்கொள்ளும். விளக்கே இல்லாத இடத்திலும் கார் மீது வந்து விழுவதற்கு வேறொரு காரணம் உண்டு. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்கிறது. இந்தத் தளவிளைவுற்ற ஒளியை வைத்துத்தான் பல நீர்ப்பூச்சிகள் கீழே தண்ணீர் இருக்கிறது என்று முடிவு செய்கின்றன. பளபளக்கும் கார்க்கூரை, சூரிய மின்தகடு, கருந்தார்ச் சாலை எல்லாம் அதே மாதிரி ஒளியைத் திருப்புவதால் ஏமாந்து இறங்கிவிடுகின்றன.

அதனால் தரையில் கிடப்பது நீர்ப்பூச்சி என்ற சந்தேகமே பலருக்கு வருவதில்லை. கரப்பான், தேள், ஏதோ விஷ வண்டு என்று நினைத்துச் செருப்பைத் தேடுவார்கள்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: நிறத்தையும் அளவையும் ஓரமாக வையுங்கள், பின்பக்கத்தைப் பாருங்கள். நிறம் பயன்படாது, ஏனென்றால் முக்கால்வாசி நீர்ப்பூச்சிகள் பழுப்பு அல்லது கறுப்புதான். அளவும் குழப்பும், குட்டியாக இருந்தபோது 1 செ.மீ. இருந்தது வளர்ந்தபின் 7 செ.மீ. ஆகிவிடும். மூச்சு விடும் ஏற்பாடு அப்படியல்ல. வளர்ந்த நீர்வண்டுகளுக்கும், மூட்டைப்பூச்சியின் உறவான நீர் நாவாய்ப்பூச்சிகளுக்கும் மீனுக்கு இருப்பது போன்ற செவுள் கிடையாது. நம்மைப் போலக் காற்றைத்தான் சுவாசிக்கின்றன. ஒவ்வொரு குடும்பமும் அந்தக் காற்றைத் தண்ணீருக்குள் கொண்டுபோக ஒவ்வொரு வழி வைத்திருக்கிறது. அந்த வழி பெரும்பாலும் உடம்பின் பின்முனையில் தெரியும்.

கையை விலக்குங்கள், கிண்ணத்தை எடுங்கள்

பூச்சியை வெறுங்கையால் தூக்க வேண்டாம். கீழே வரும் பூச்சிகளில் பாதிக்கு மேல் வேட்டையாடிகள், சில மிக மோசமாகக் கடிக்கும். ஒளி ஊடுருவும் டப்பா ஒன்றை அதன் மேல் கவிழ்த்து, அடியில் கெட்டி அட்டையைச் செருகித் திருப்பினால் போதும். பிறகு வெள்ளை நிறக் கிண்ணத்தில் இரண்டு விரல்கடை ஆழத்துக்குத் தண்ணீர் விட்டு அதில் இறக்குங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கலாம், கொஞ்ச நேரம் வைத்துப் பார்க்க அது பரவாயில்லை. இரண்டு பூச்சி கிடைத்தால் இரண்டு கிண்ணம். ஒன்றாகப் போட்டால் சற்று நேரத்தில் ஒன்றுதான் மிஞ்சும்.

தண்ணீரில் விட்டதும் முதல் ஒரு நிமிடம் கேமராவைத் தொடாதீர்கள். எப்படி நீந்துகிறது, காற்றெடுக்க மேலே வரும்போது எந்த முனை முதலில் நீர்மட்டத்தைத் தொடுகிறது என்று மட்டும் கவனியுங்கள். தலையா, வாலா? இது ஒரு படத்தில் அகப்படாத தகவல், பாதிக் கேள்விக்கு இதுவே பதில் சொல்லிவிடும்.

அப்புறம் படம். முதுகுப்புறம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பின்முனை பெரிதாக ஒன்று, முடிந்தால் டப்பாவின் அடியிலிருந்து வயிற்றுப்புறம் ஒன்று. பக்கத்தில் அளவுகோல் வையுங்கள். "உள்ளங்கை அளவு இருந்தது" என்று சொல்பவர்களின் படங்களில் பூச்சி பெரும்பாலும் 4 செ.மீ.தான் இருக்கிறது. பயத்துக்கு எப்போதும் பெரிய கண்.

கால், இறக்கை, முதுகுக் கோடு

கால்களை எண்ணுங்கள். ஆறு இருந்தால்தான் பூச்சி. இங்கே ஒரு பொறி இருக்கிறது: இரை பிடிக்கும் பூச்சிகளின் முன்னங்கால்கள் மடங்கி இடுக்கி போல இருப்பதால் பலர் அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை, "நான்கு கால்தான் இருக்கிறது" என்பார்கள். அவையும் கால்களே. ஆறுக்கு மேல் இருந்தால் சிலந்தி, இறால், நண்டு வகையறா. தண்ணீர் வற்றும் குட்டைகளில் தலையில் கேடயமும் பின்னால் இரண்டு நீள வால்களுமாக ஓடும் டிரையாப்ஸும் இந்த ஓட்டுடலிகளில் ஒன்றுதான்.

முழு இறக்கை இருந்தால் வளர்ந்தது. இறக்கையே இல்லாவிட்டால், அல்லது முதுகில் சிறு திண்டுகளாக மட்டும் இருந்தால் பெரும்பாலும் இளம்பருவம். இறக்கை உள்ளதென்றால் முதுகை நன்றாகப் பாருங்கள். இரண்டு கெட்டி மூடிகள் நடுவில் நேர்கோடாகச் சந்திக்கின்றனவா? அது வண்டு. இறக்கைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி எக்ஸ் வடிவம் தெரிகிறதா, நுனி மட்டும் மெல்லிய சவ்வாக இருக்கிறதா? அது நாவாய்ப்பூச்சி இனம். வண்டுக்குக் கடிக்கும் தாடை உண்டு. நாவாய்ப்பூச்சிக்கு ஊசி போன்ற உறிஞ்சுகுழல், சும்மா இருக்கும்போது தலைக்கு அடியில் மடிந்திருக்கும்.

பின்முனையில் குட்டையாக இரண்டு பட்டை: ராட்சத நீர்ப்பூச்சி

மக்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெலோஸ்டோமாட்டிடே குடும்பம். தட்டையான நீள்வட்ட உடல், காய்ந்த இலையின் பழுப்பு, சிறிய தலையில் பெரிய கண்கள், கொழுத்த முன்னங்கால்கள். உணர்கொம்பு எங்கே என்று தேடினால் கிடைக்காது, கண்ணுக்கு அடியில் ஒரு பள்ளத்தில் ஒளிந்திருக்கும். பின்னங்கால்கள் தட்டையாகி ஓரத்தில் மயிர் வரிசை கொண்டிருக்கும், நீந்துவதற்கு. பின்முனையில் இரண்டு குட்டைப் பட்டைகள் துருத்தும், வேண்டாதபோது உள்ளே இழுத்துக்கொள்ளும். தலைகீழாகத் தொங்கியபடி அந்தப் பட்டைகளை மட்டும் நீர்மட்டத்தில் ஒட்டவைத்துக் காற்றெடுக்கும்.

இந்தக் குடும்பத்தின் பெரியவை லெத்தோசெரஸ் பேரினத்தில் இருக்கின்றன. தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் பரவியுள்ள லெத்தோசெரஸ் இண்டிகஸ் சுமார் 6 முதல் 8 செ.மீ. வளரும். தென் அமெரிக்காவின் மிகப் பெரிய இனங்கள் 10 செ.மீ.யைத் தாண்டும். தவளை, மீன், தலைப்பிரட்டை, சில சமயம் சிறு பாம்பு வரை பிடிக்கும். குழலைக் குத்தி உமிழ்நீரைச் செலுத்தி, உள்ளே கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். அதே குழல் மனிதக் கையில் இறங்கினால் வலி கடுமையாக இருக்கும், ஆனால் பொதுவாக ஆபத்தில் முடிவதில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அது ஒவ்வாமை, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. தரையில் கால்களை விறைத்துக்கொண்டு செத்தது போலக் கிடப்பது இதன் வழக்கமான தந்திரம். சில சமயம் பின்புறத்திலிருந்து திரவமும் பீய்ச்சும். செத்துவிட்டது என்று நம்பி விரலால் தள்ளியவர்கள்தான் அதிகம் கடி வாங்குகிறார்கள்.

சில நேரம் முதுகு முழுக்க அரிசி அரிசியாக ஏதோ அடுக்கி ஒட்டியிருக்கும். நோயோ ஒட்டுண்ணியோ அல்ல, முட்டைகள். சுமப்பது ஆண். 19ஆம் நூற்றாண்டில் இதைப் பெண் என்றே நினைத்தார்கள். 1899இல் புளோரன்ஸ் வெல்ஸ் ஸ்லேட்டர் என்ற அமெரிக்கப் பெண்மணிதான் அது ஆண் என்று எடுத்துக்காட்டினார். பெண் வந்து முதுகில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அவை பொரியும்வரை ஆண் சுமந்து திரியும், நீர்மட்டத்துக்கு வந்து காற்றுப் படவைக்கும், உடலை மேலும் கீழும் அசைத்து அவற்றின் மேல் தண்ணீரை ஓடவிடும். இப்படி முதுகில் சுமப்பவை டிப்ளோனிகஸ், பெலோஸ்டோமா போன்ற சிறிய உறவுகள். லெத்தோசெரஸ் சுமப்பதில்லை, நீருக்கு மேலே நிற்கும் தண்டில் முட்டைக்கொத்து இருக்கும், ஆண் ஏறிப்போய் அதை நனைத்துக் காவல் காக்கும். ஆகவே முதுகில் முட்டை தெரிந்தால் அது லெத்தோசெரஸ் அல்ல. அளவைப் பார்க்காமலேயே பேரினத்தை ஒதுக்க இது நல்ல குறி.

கரப்பானோடு குழப்பம் வருவது இந்தப் பூச்சியில்தான். வித்தியாசம் ஒரு பார்வையில் தெரியும்: கரப்பானுக்கு உடலளவு நீண்ட, ஓயாமல் ஆடும் உணர்கொம்பு உண்டு, தலை முன்பக்க ஓட்டுக்கு அடியில் மறைந்திருக்கும், எல்லாக் கால்களும் ஓடும் கால்கள். விளக்கடிக்கு வரும் பிள்ளைப்பூச்சியையும் சிலர் நீர்ப்பூச்சி என்கிறார்கள், அது நீச்சல் குளத்திலும் விழும். உருளை உடம்பும், மண் தோண்டும் பல்வைத்த முன்னங்காலும் இருந்தால் பிள்ளைப்பூச்சிதான்.

நீளமாக ஒரே ஊசி வால்: நீர்த்தேள்

வால் உடலுக்கு நிகராக நீண்டு, உள்ளே இழுக்க முடியாமல் விறைத்து நின்றால் அது நீர்த்தேள், நெப்பிடே குடும்பம். வால் கொட்டாது. அது மூச்சுக்குழல். இரண்டு அரைக்குழாய்கள் ஒட்டி ஒரே குழாயாக இருக்கிறது, அதனால்தான் செத்துக் காய்ந்த நீர்த்தேளில் அவை பிரிந்து இரண்டு வால் போலத் தெரிகின்றன. கடிக்கிற முனை முன்பக்கம் இருக்கிறது, அங்கே கை வைக்காதீர்கள்.

இதில் இரண்டு உருவம் உண்டு. தட்டை இலை போன்றவை நெப்பா, லாக்கோட்ரெஃபெஸ் பேரினங்கள். மெல்லிய குச்சி போன்றது ரனாட்ரா. குச்சி உருவத்தைப் பார்த்ததும் "தண்ணீரில் கும்பிடுபூச்சி விழுந்திருக்கிறது" என்று நினைப்பது சகஜம், முன்னங்கால் அப்படித்தான் மடங்கியிருக்கும். கும்பிடுபூச்சிக்கு வாலில் மூச்சுக்குழலும் கிடையாது, தலைக்கு அடியில் உறிஞ்சுகுழலும் கிடையாது. நீர்த்தேள் நீச்சலில் மந்தம், சேற்றிலும் செடியிலும் நடந்து திரிவதே அதிகம். உடம்பில் சிவப்பு முத்துகள் ஒட்டியிருந்தால் அவை முட்டை அல்ல, ஒட்டுண்ணியாக வாழும் நீர்ச்சிலந்திப்பேன்களின் இளம்பருவம். நீர்வண்டுகளிலும் இவற்றைப் பார்க்கலாம்.

வாலில் எதுவும் இல்லை, முதுகில் நேர்கோடு: இரண்டு வண்டுகள்

வழவழப்பான, நீள்வட்டமான, கறுப்பு அல்லது கரும்பச்சை வண்டு 3 முதல் 5 செ.மீ. இருந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முக்குளி வண்டு, அதாவது டைட்டிஸ்கிடே குடும்பம். அல்லது ஹைட்ரோஃபிலிடே குடும்பத்தின் பெரிய கறுப்பு நீர்வண்டு. படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், புதியவர்கள் அதிகம் தவறுவதும் இங்கேதான். தண்ணீரில் விட்டுப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் பிரித்துவிடலாம்.

முக்குளி வண்டு பின்னங்கால்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் வீசும், வேகமாகப் பாயும். காற்றுக்கு வரும்போது வால்முனை மேலே வரும், ஏனென்றால் காற்றை இறக்கை மூடிக்கு அடியில் சேமிக்கிறது, அந்த இடத்தின் திறப்பு பின்னால் இருக்கிறது. ஹைட்ரோஃபிலிடே கால்களை மாற்றி மாற்றி வீசும், நடப்பது போலத் தடுமாறும். தலைப்பக்கத்தை மேலே கொண்டுவந்து உணர்கொம்பால் நீர்ப்பரப்பை உடைத்துக் காற்றை இழுக்கும். அந்தக் காற்று வயிற்றின் அடியில் படலமாகத் தங்குவதால் கீழிருந்து பார்த்தால் வெள்ளி போல மின்னும்.

செத்த வண்டு கிடைத்தால் தலையைப் பாருங்கள். முக்குளி வண்டின் உணர்கொம்பு நூல் போல நீளம். மற்றதின் உணர்கொம்பு குட்டை, நுனி தடித்திருக்கும், அதைவிட நீளமாக வாயோரத் தொடுகொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். இவற்றையே உணர்கொம்பு என்று எண்ணிவிட்டால் அடையாளம் தலைகீழாகிவிடும். திருப்பி வயிற்றுப்புறம் பாருங்கள்: கால்களுக்கிடையே பின்னோக்கி நீண்ட கூரிய முள் இருந்தால் ஹைட்ரோஃபைலஸ் வகை. உயிரோடிருக்கும் வண்டைக் கையில் இறுக்கினால் அந்த முள் நன்றாகவே குத்தும். கடித்துவிட்டது என்று சொல்கிறவர்களில் சிலருக்கு நடந்தது இதுதான்.

முக்குளி வண்டின் முன்னங்காலில் வட்டத் திண்டு போல விரிந்திருந்தால் அது ஆண், இணையும்போது பெண்ணின் வழுக்கும் முதுகைப் பற்றிக்கொள்ள உதவும் உறிஞ்சு வட்டுகள் அதில் இருக்கின்றன. டைட்டிஸ்கஸ், சிபிஸ்டர் பேரினங்களில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். இவை பிடிபட்டால் தலைக்குப் பின்னாலிருந்து பால் போன்ற திரவத்தைச் சுரக்கும். கையில் பட்டால் கழுவிவிடுங்கள், கண்ணைத் தேய்க்க வேண்டாம்.

நீர்மட்டத்தில் கூட்டமாகச் சுற்றிச் சுற்றி ஓடும் சின்ன வண்டு சுழல் வண்டு. அதன் கண் மேல் பாதி, கீழ் பாதி என இரண்டாகப் பிரிந்திருக்கும், காற்றையும் தண்ணீரையும் ஒரே நேரத்தில் பார்க்க. மல்லாந்து நீந்துவது வண்டு அல்ல, நோட்டோனெக்டா என்ற நாவாய்ப்பூச்சி. சின்னதாக இருந்தாலும் கடி சுரீரென்று இருக்கும், நீச்சல் குளத்தில் கடித்தது எது என்று கேட்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். நீர்மேல் நீளக்கால் பரப்பி வழுக்கிப் போகும் பூச்சியை எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுவோம்.

இறக்கை இல்லாத பெரியவை

இளம்பருவங்களில்தான் அடையாளம் நிஜமாகக் கஷ்டம். ஆனாலும் பின்முனை விதி இங்கேயும் கைகொடுக்கிறது.

மெலிந்த நீள உடல், பெரிய தட்டைத் தலை, முன்னால் அரிவாள் போன்ற இரண்டு தாடைகள், வால்முனையை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்குவது: முக்குளி வண்டின் புழு. நீர்ப்புலி என்று சொல்லப்படும் ஆள் இவர்தான். பெரிய இனங்களில் 6 செ.மீ. வரை வளரும். தாடை உள்ளே குழாய், அதன் வழியே செரிமானச் சாறு போகிறது. தாய் தகப்பனை விட இதற்குத்தான் அதிகம் ஒதுங்கி நிற்க வேண்டும்.

வாலில் மூன்று இலைகள் விரிந்து, உடல் குச்சியாக இருந்தால் ஊசித்தட்டானின் இளம்பருவம், அந்த இலைகள் செவுள்கள். உடல் பருத்து, வாலில் இலைக்குப் பதில் கூரிய முட்கள் மட்டும் ஒன்றுசேர்ந்து கூம்பாக இருந்தால் தட்டான். தட்டானின் செவுள் குடலின் கடைசிப் பகுதிக்குள் இருக்கிறது. ஆபத்து வந்தால் அங்கிருக்கும் தண்ணீரைப் பீய்ச்சி முன்னே பாய்கிறது. முகத்துக்கு அடியில் மடிந்திருக்கும் கீழுதடு இரண்டுக்கும் உண்டு. இரையைக் கண்டதும் கண்ணிமைக்கும் நேரத்தில் நீண்டு பிடித்து வாய்க்குக் கொண்டுவரும். சந்தேகம் இருந்தால் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள், தாடைக்குக் கீழே மடிந்த முகமூடி தெரியும்.

வேகமாக ஓடும் ஓடையில் கல்லைப் புரட்டும்போது வருவது வேறு கதை. பூரானைப் போல இருபக்கமும் நீட்டிய இழைகள், வலுவான தாடை, பின்முனையில் கொக்கிகள் கொண்ட இரண்டு குட்டைப் போலிக்கால்கள்: இது டாப்சன் ஈயின் புழு. பூரான் என்று விட்டுவிடாமல் மார்பில் ஆறு கால் மட்டும் இருப்பதை எண்ணிப் பாருங்கள், பக்க இழைகள் கால்கள் அல்ல. பெரிய இனங்களில் இந்தப் பருவம் 2, 3 ஆண்டுகள் நீடிக்கும். வளர்ந்த டாப்சன் ஈ விளக்குக்கு வந்து நிற்கும்போது ஆணின் தந்தம் போன்ற தாடையைப் பார்த்து எல்லோரும் பின்வாங்குவார்கள். அந்த நீளத் தாடைக்குக் கடிக்கும் வலு இல்லை. கடிப்பது குட்டைத் தாடை கொண்ட பெண். 2014இல் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் கிடைத்த ஒரு டாப்சன் ஈ சுமார் 21 செ.மீ. இறக்கை விரிப்போடு செய்திகளில் வந்தது.

எதுவரை போகலாம்

படத்தை வைத்துக் குடும்பம் வரை போவது எளிது, பல நேரம் பேரினமும் சொல்லிவிடலாம். இனம் என்பது வேறு. லெத்தோசெரஸ் இனங்களைப் பிரிக்க உடலின் நுண்ணிய பாகங்களை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டியிருக்கும், வண்டுகளிலும் அப்படியே. யாராவது மங்கலான ஒரே படத்தைப் பார்த்து இனப்பெயரை அடித்துச் சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். படம் போட்டால் மற்றவர்கள் அடையாளம் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளத்தில் பதியும்போது படத்தோடு நாள், நேரம், இடம், தண்ணீரிலா தரையிலா, ஓடும் நீரா தேங்கிய நீரா, காற்றெடுக்க எந்த முனை மேலே வந்தது என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். பதில் சொல்பவருக்கு அந்த இரண்டு வரி ஒரு கூடுதல் படத்தை விட உதவும்.

வேலை முடிந்ததும் பூச்சியைக் கிடைத்த இடத்துக்குப் பக்கத்து நீர்நிலையில் விடுங்கள். ஓடைப் பூச்சியை ஓடையில், குளத்துப் பூச்சியைக் குளத்தில். அருகில் தண்ணீர் இல்லையென்றால் பறக்கத் தெரிந்தவற்றை இருட்டியபின், விளக்கில்லாத இடத்தில், டப்பாவைச் சாய்த்து விட்டால் போதும். ராட்சத நீர்ப்பூச்சி உடனே கிளம்பாது. பறக்கும் தசைகள் சூடேறும்வரை நின்ற இடத்திலேயே உடலை நடுக்கிக்கொண்டிருக்கும். காயம்பட்டதோ என்று நினைத்துத் தொடப் போகாதீர்கள்.